கட்சிப் பின்னணி இல்லாமல் கோவை மாமன்றத் தேர்தலில் நிற்க முடியுமா?

சரவணம்பட்டிப் பகுதியில் பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண், தம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் குடிநீருக்கும் மண்டல அலுவலகத்துக்கு நடந்து களைத்த பிறகு, அடுத்த கோவை மாநகராட்சித் தேர்தலில் தாமே சுயேச்சையாக நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். கட்சித் தொடர்பு இல்லை, சொந்த வீடு இல்லை, கையில் பெரிய பணமும் இல்லை. இந்த நிலையில் தகுதி உண்டா, செலவு எவ்வளவு ஆகும், வெல்வதற்கு வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

தகுதியைப் பற்றி உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். 21 வயது நிறைந்து, மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும், சட்டம் சொல்லும் தகுதியின்மைகள் இல்லாதவரை, மாமன்ற உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடலாம். சொந்த வீடு இருக்க வேண்டும் என்றோ, இன்ன படிப்பு படித்திருக்க வேண்டும் என்றோ விதி இல்லை. நீங்கள் நிற்கும் வார்டிலேயே உங்களுக்கு வாக்கு இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. அதே மாநகராட்சியின் எந்த வார்டில் வாக்கு இருந்தாலும் போதும். ஆனால் சட்டம் இடம் தருகிறது என்பதற்காக அறிமுகமில்லாத வார்டுக்குப் போகாதீர்கள். 2021 அக்டோபரில் கோவை மாவட்டத்தின் ஓர் ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளர் ஒரே ஒரு வாக்குப் பெற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவருக்கும் அவர் வீட்டாருக்கும் வாக்கு வேறு வார்டில் இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்பதை அந்தச் செய்தியைப் பகிர்ந்த பலர் கவனிக்கவில்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் வாக்காளர் பட்டியலில்தான் வருகிறது. வீடு மாறும்போது எரிவாயு இணைப்பையும் வங்கி முகவரியையும் மாற்றுகிறவர்கள், வாக்காளர் முகவரியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பு நடப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலையே வார்டு வாரியாகப் பிரித்து மாநிலத் தேர்தல் ஆணையம் பயன்படுத்துகிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயர் பழைய முகவரியில் இருந்தால், உள்ளாட்சியிலும் பழைய வார்டில்தான் இருப்பீர்கள். பெயரே விடுபட்டிருந்தால் வேட்பாளராகவே ஆக முடியாது. 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் பெயர் எந்தப் பாகத்தில் எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்பதை நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. இந்த வேலையை உங்கள் ஒருவருக்காக மட்டும் செய்யாமல், உங்கள் தெருவுக்கே செய்யுங்கள்; ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தகுதியின்மைகளில் கொங்குப் பகுதியில் அடிக்கடி ஆட்களை வீழ்த்துபவை இரண்டு. முதலாவது, மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு. நம் ஊரில் பட்டறை வைத்திருப்பவரும், மின்சாதனம் விற்பவரும், தண்ணீர் லாரி ஓட்டுபவரும் ஏதோ ஒரு வகையில் மாநகராட்சிக்குப் பொருளோ வேலையோ தருவது வழக்கம்; நடப்பில் அப்படி ஓர் ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் அதை முடித்துவிட்டே வர வேண்டும். இரண்டாவது, மாநகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரி நிலுவை. உரிய கேட்பு அறிவிப்பு வந்த பிறகும் முந்தைய ஆண்டு வரையிலான பாக்கி நின்றால் அது தகுதியைத் தொடும். வாடகை வீடு என்பதால் சொத்து வரி உங்கள் பெயரில் இருக்காது. ஆயினும் உங்கள் பெயரில் கடையோ தொழில் வரியோ குடிநீர்க் கட்டணமோ இருந்தால் ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். அரசு ஊழியரும் உள்ளாட்சி ஊழியரும் பதவியில் இருந்துகொண்டு நிற்க முடியாது என்பது அனைவரும் அறிந்ததே.

இனி, பலர் தவறவிடும் செய்திக்கு வருகிறேன். இந்தத் தேர்தலில் காலம் மிகக் குறுகியது. 2022 தேர்தலின் நாட்களைப் பாருங்கள்: ஜனவரி 26 அன்று அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை வேட்புமனுத் தாக்கல், 5 அன்று பரிசீலனை, 7 அன்று மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள், 17 அன்று மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்தது, 19 அன்று வாக்குப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குச் சின்னம் பல பத்தாண்டுகளாகவே மக்கள் மனத்தில் இருக்கிறது. சுயேச்சைக்கோ, மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கிடைக்கிறது. அதாவது, உங்கள் சின்னம் இன்னதென்று நீங்களே அறிந்த பிறகு அதை மக்களிடம் கொண்டு சேர்க்கப் பத்து நாட்களே மிஞ்சும்.

அந்தப் பத்து நாட்களில் எத்தனை பேரைச் சந்திக்க வேண்டும்? கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள், அன்று 15 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். சராசரியாக ஒரு வார்டுக்குப் பதினைந்தாயிரம் பேர். வீடுகளாகக் கொண்டால் நாலாயிரத்துக்கு மேல். நாளொன்றுக்கு நானூறு வீட்டுப் படியேறினால்தான் ஒரு சுற்று முடியும். எந்தக் குடும்பமும் அவ்வளவு ஓட்டத்தில் உங்களைப் புதிதாக அறிந்து, நம்பி, சின்னத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஏற்கெனவே உங்களை அறிந்த வீட்டில் சின்னத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியுமானால், அந்தப் பத்து நாட்கள் போதும். சுயேச்சை வேட்பாளர் வெல்வதும் தோற்பதும் அறிவிப்பு வருவதற்கு முந்தைய ஓராண்டில் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

வெற்றி வாய்ப்பைப் பற்றி உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 2022-இல் கோவையின் 100 வார்டுகளில் திமுக கூட்டணி 96, அதிமுக 3, எஸ்.டி.பி.ஐ. 1 என்று முடிவு வந்தது. சுயேச்சை ஒருவர்கூட வெல்லவில்லை. அதே தேர்தலில் மாநிலமெங்கும் பேரூராட்சிகளில் நூற்றுக்கணக்கான வார்டுகளைச் சுயேச்சைகள் வென்றார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வார்டின் அளவு. பேரூராட்சி வார்டில் சில நூறு வாக்குகளே வெற்றியை முடிவு செய்கின்றன; அங்கே ஆளை ஆளுக்குத் தெரியும். மாநகராட்சி வார்டு அப்படியில்லை. ஆயினும் எண்ணிக்கையை அச்சமின்றிப் பாருங்கள். 2022-இல் கோவை மாநகராட்சியில் வாக்களித்தவர்கள் சுமார் 53 விழுக்காடு. பதினைந்தாயிரம் பேர் உள்ள வார்டில் எட்டாயிரம் வாக்குகள் விழுகின்றன. பல முனைப் போட்டியில் மூவாயிரம் முதல் நாலாயிரம் வரை பெறுபவர் வெல்லக்கூடும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,350 வாக்குகள் பெற்றால் டெபாசிட் தப்பும். வாக்குச்சாவடிக்கே வராத ஏழாயிரம் பேரும் அதே வார்டில்தான் இருக்கிறார்கள். சுயேச்சைக்கு வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

அந்த ஏழாயிரம் பேர் யார் என்று உங்கள் பகுதியை வைத்தே சொல்கிறேன். 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளோடு சரவணம்பட்டி, காளப்பட்டி, சின்னவேடம்பட்டி, வெள்ளக்கிணர், துடியலூர், வடவள்ளி, வீரகேரளம் ஆகிய பேரூராட்சிகளும் விளாங்குறிச்சி ஊராட்சியும் மாநகராட்சியோடு சேர்ந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. அப்படிச் சேர்ந்த வார்டு எதை எடுத்தாலும் உள்ளே மூன்று தனித்தனி ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, மாகாளியம்மன் கோயிலும் பொதுக்கிணறும் மந்தையும் கொண்ட பழைய ஊர். இரண்டு, தோட்டங்கள் மனைகளாகி எழுந்த நகர்களும் அபார்ட்மென்ட்களும். மூன்று, பட்டறைத் தொழிலாளரும் பஞ்சாலைத் தொழிலாளரும் இருக்கும் லைன் வீடுகள். உங்கள் சங்கம் இரண்டாவதில் இருக்கிறது. வாக்குகள் நிறைய விழுவதோ முதலாவதிலும் மூன்றாவதிலும்.

படித்த நடுத்தர வகுப்பிலிருந்து வரும் சுயேச்சைகள் திரும்பத் திரும்பத் தோற்கும் இடம் இது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு பேர் கைதட்டினால் வார்டே தம் பின்னால் நிற்பதாக எண்ணிவிடுகிறார்கள். அந்த ஐந்நூறில் பாதிப் பேருக்கு வாக்கு சொந்த ஊரில், மதுரையிலோ தஞ்சையிலோ பாலக்காட்டிலோ இருக்கும். மீதிப் பேரில் பலர் விடுமுறை நாள் என்று வெளியூர் போயிருப்பார்கள். பழைய ஊரிலோ, நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி போடுவதிலிருந்து இழவு வீட்டுக்குப் பந்தல் போடுவது வரை கூடவே நிற்கிறவரைத்தான் ஆளாக மதிப்பார்கள். அந்த மதிப்பைத் துண்டுப் பிரசுரத்தால் பெற முடியாது. லைன் வீடுகளில் ஆட்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றே நேரம், மற்ற நாட்களில் ஷிப்ட் முடிந்து இரவு எட்டுக்கு மேல்தான் வருவார்கள். அங்கே உங்களிடம் கேட்கப்படும் கேள்வி பூங்காவைப் பற்றியதாக இருக்காது. பொதுக் கழிப்பிடத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்பதாக இருக்கும். உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலும் அவர்களுடைய பட்டியலும் ஒன்றாகும்வரை நீங்கள் ஒரு குடியிருப்பின் செயலாளர்தான், வார்டின் வேட்பாளர் அல்லர். கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். உங்கள் அக்கறை உண்மையானது என்று தோன்றுவதால்தான் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை, வார்டின் வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக எடுத்து, தெருத் தெருவாக நடப்பது. ஒரு வார்டில் பத்துப் பன்னிரண்டு வாக்குச்சாவடிகள் இருக்கும். ஒவ்வொரு சாவடிக்கும் உட்பட்ட தெருக்களில் இறந்தவர், குடிமாறியவர், இரு முறை பதிவானவர், குடியிருந்தும் பட்டியலில் இல்லாதவர் என்று குறித்து வாருங்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். இதைவிட நேர்மையான அறிமுகம் வேறு இல்லை. அவர் உங்களுக்கு வாக்களிக்காமல் போனாலும், ஒரு குடிமகனுக்கு வாக்குரிமை கிடைத்திருக்கும். ஒவ்வொரு சாவடிக்கும் அந்தத் தெருக்களிலேயே வாழ்கிற இரண்டு பேரையாவது இந்த நடையில் கண்டுபிடியுங்கள். வாக்குப்பதிவன்று உங்கள் முகவராக உள்ளே உட்காரப் போகிறவர்கள் அவர்களே. காலை ஏழு மணிக்கு முன்பு இயந்திரத்தில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும்போது உடனிருந்து பார்ப்பதும், வருகிறவரைப் பட்டியலோடு ஒப்பிடுவதும் அவர்கள் வேலை. முகவர் இல்லாத சாவடியில் என்ன நடந்தது என்று பிறகு கேட்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்காது.

இத்தனை உழைப்பையும் ஒரே நபரின் பெயரில் கட்டாதீர்கள் என்று வற்புறுத்துவேன். இரண்டு காரணங்கள். முதலாவது, வார்டு ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி. ஒதுக்கீட்டு அறிவிப்பு மிகக் கடைசியில் வருவதுண்டு. 2022-இல் மேயர் பதவிகளுக்கான ஒதுக்கீடு ஜனவரி 17 அன்று, தேர்தல் அறிவிப்புக்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் வெளியானது. நீங்கள் பெண் என்பதால் பொது வார்டிலும் பெண்கள் வார்டிலும் நிற்கலாம். ஆனால் உங்கள் வார்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டால், நீங்கள் அந்தப் பிரிவைச் சேராதவராயின் நிற்க முடியாது. அப்போது உங்களோடு ஓராண்டு நடந்த, அதற்குத் தகுதியுள்ள ஒரு தோழர் முன்னே வர வேண்டும். அதை இப்போதே வெளிப்படையாகப் பேசி ஒப்புக்கொண்டிருக்கும் குழுதான் அந்த நாளில் உடையாமல் நிற்கும். இரண்டாவது, வார்டு எல்லை. சுற்றியுள்ள உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு சேரும்போதெல்லாம் எல்லைகள் மாறுகின்றன; இன்று உங்கள் வார்டில் உள்ள நான்கு தெருக்கள் நாளை பக்கத்து வார்டுக்குப் போகலாம். பக்கத்து வார்டின் ஓரத் தெருக்களையும் உங்கள் நடையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

காலம் பற்றியும் ஒரு சொல். இப்போதைய மாமன்ற உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். ஐந்தாண்டு என்பது அரசமைப்புச் சட்டத்தின் வரம்பு, அது 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்பதே சட்டம். ஆனாலும் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் ரத்தாகி, அதன் பிறகு வார்டு மறுவரையறை, ஒதுக்கீடு என்று நீண்டு, 2022 வரை கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல் ஒரு தெருவின் குறையைச் சொல்ல அத்தெருவின் வாக்கைப் பெற்ற ஒருவர்கூட இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. நீங்கள் நிற்க விரும்புவதை நான் வரவேற்பதற்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம். நாள் தள்ளிப்போனாலும் வேலையை நிறுத்தாதீர்கள்.

வென்றால் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதில் தெளிவு வேண்டும். மக்களிடம் அதற்கு மேல் ஒரு சொல்லும் தரக் கூடாது. மாமன்ற உறுப்பினருக்கு நிர்வாக அதிகாரம் இல்லை. அலுவலர்களுக்கு ஆணையிடுவதும் பணத்தை விடுவிப்பதும் ஆணையரின் பொறுப்பு. உறுப்பினரின் அதிகாரம் மன்றத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்குவது அல்லது எதிர்ப்பது, கேள்வி கேட்பது, நிலைக்குழுவிலும் மண்டலக் குழுவிலும் பணிகளை முன்னிறுத்துவது ஆகியவை. மேயரைத் தேர்ந்தெடுப்பதும் இப்போது உறுப்பினர்கள்தான். 2011-இல் மக்கள் நேரடியாக வாக்களித்த முறை பிறகு மாறிவிட்டது. மன்றத்தில் தனி ஆளாக அமரும் சுயேச்சை, தன் வார்டுக்கு வேலை வேண்டுமென்றால் பெரும்பான்மையினரோடு பேசியே ஆக வேண்டும். அதை விலை போவதாக எண்ண வேண்டாம். எதில் இணங்குவீர்கள், எதில் இணங்க மாட்டீர்கள் என்பதைத் தேர்தலுக்கு முன்பே மக்களிடம் சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை கூற முடியாது.

சொத்து வரி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரலில், புதிய மன்றங்கள் அமைந்து ஒரு மாதமே ஆன நிலையில், மாநில அரசு வரி உயர்வை அறிவித்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, பெரிய வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அதைவிடக் கூடுதல். மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. அடுத்த தேர்தலில் உங்களிடம் எல்லோரும் கேட்கப் போகும் கேள்வி இதுவே. “நான் வந்தால் வரியைக் குறைப்பேன்” என்று சொன்னால் அது பொய். ஒரு உறுப்பினரால் இயன்றது, தவறாக அளக்கப்பட்ட வீடுகளுக்கு மறு அளவீடு பெற்றுத் தருவது, வசூலான வரியில் தம் வார்டுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று மன்றத்தில் கணக்குக் கேட்பது. இந்த இரண்டையும் நம்பும்படி சொல்லுங்கள்.

அதிகாரம் குறைவு என்பதால் பதவி சிறியதென்று நினைக்க வேண்டாம். 1866-இல் நகராட்சியாகி 1981-இல் மாநகராட்சியான இந்தக் கோவையில், சிறுவாணித் தண்ணீர் வந்த வரலாற்றோடு நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் சேர்ந்தே நிற்கிறது, ஆர்.எஸ்.புரம் என்று நாம் நாள்தோறும் சொல்வது அவர் பெயரைத்தான். ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்து குடிநீருக்காக உழைத்தவர் பெரியார். நம் பகுதியில் பொதுவாழ்வு நகராட்சியின் குழாயடியிலிருந்து தொடங்கியதற்கு இவை சான்று.

பணத்துக்கு வருவோம். 2022-இல் மாநகராட்சி வார்டுக்கு வைப்புத் தொகை ₹4,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ₹2,000, அவர்கள் பொது வார்டில் நின்றாலும் அதே சலுகை. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் வேட்பாளர் செய்யத்தக்க செலவின் உச்சவரம்பு ₹85,000. அடுத்த தேர்தலுக்கு ஆணையம் இந்தத் தொகைகளை மாற்றலாம், ஆகவே அறிவிப்பு வந்ததும் சரிபார்க்கவும். பதினைந்தாயிரம் வாக்காளருக்கு ₹85,000 என்றால் ஆளுக்கு ஆறு ரூபாய்கூட வராது. ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு வாக்காளர் சீட்டு, முகவர்களுக்கு ஒரு நாள் உணவு, ஓர் ஒலிபெருக்கி ஆட்டோ ஆகியவற்றுக்கு அது போதும். அதற்கு மேல் செலவழிப்பவர்கள் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. 2022-இல் கோவையில் வெள்ளிக் கொலுசும் ஹாட்பாக்ஸும் வீடு தேடி வந்ததாகப் புகார்கள் எழுந்தன. நீங்கள் அதில் இறங்க வேண்டாம் என்று சொல்வதற்கு அறத்தை மட்டும் நான் துணைக்கு அழைக்கவில்லை. கொடுக்கிறவர்களோடு கொடுத்துப் போட்டியிட உங்களால் இயலாது. ஒருமுறை கொடுத்துவிட்டால், கொடுக்காதவர் என்ற ஒரே வேறுபாட்டையும் இழந்துவிடுவீர்கள். வென்ற பின் மாதம் ₹10,000 மதிப்பூதியம் உண்டு, 2023 முதல். அதைக் கொண்டு போட்ட பணத்தை எடுக்கவே முடியாது என்பதை உங்களுக்கு நன்கொடை தர வருகிறவர்களும் அறிவார்கள். பெரிய தொகையோடு வருபவரிடம் எதற்காக என்று கேளுங்கள்.

சாதிக் கணக்கைப் பற்றியும் பலர் உங்களிடம் பேசுவார்கள். இந்த வார்டில் இன்னார் இத்தனை வீடு என்று தாளில் எழுதிக் காட்டுவார்கள். கட்சிகள் ஆளைத் தேர்வதில் அதைப் பார்க்கின்றன என்பது உண்மை. சுயேச்சை அந்தக் கணக்கில் ஏறினால் அந்த ஒரு பகுதியோடு நின்றுவிடுவார்; அதன் மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

வேட்புமனு நாளில் கவனமாக இருங்கள். மனுவோடு சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். இல்லாததற்கு “இல்லை” என்று எழுதுங்கள். கணவர் பெயரில் உள்ள கடன், வங்கி வைப்பு, நகை எல்லாம் அதில் வரும். முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அவருடைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலைப் பார்த்து எழுதுங்கள், பழைய அட்டையைப் பார்த்து அல்ல. கடைசி நாளில் போகாதீர்கள். குறை இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் சுட்டிக்காட்டித் திருத்த முதல் நாட்களில் நேரம் இருக்கும். கடைசி நாள் பிற்பகலில் இராது. பரிசீலனையில் மனு தள்ளுபடியானால், தேர்தல் நடக்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. முடிந்த பிறகு தேர்தல் வழக்குத் தொடுப்பதே வழி. ஓராண்டு நடந்த நடை ஒரு கையெழுத்தில் வீணாகக் கூடாது. சின்னம் கேட்கும்போது, ஆணையத்தின் பட்டியலில் உள்ளவற்றில் வயதானவர்களும் ஒரு பார்வையில் அடையாளம் காணும் பொருளைக் கேளுங்கள். இயந்திரத்தில் அது சிறிய கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் இருக்கும், இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் தோன்றினால் உங்கள் வாக்கு அடுத்தவருக்குப் போகும். அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பொதுச் சுவர்களில் எழுதவோ ஒட்டவோ வேண்டாம்.

தேர்தல்வரை காத்திராமல் இன்றே நீங்கள் நுழையக்கூடிய கதவு ஒன்று உண்டு. 2022 ஜூனில் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் மாமன்ற உறுப்பினரின் தலைமையில் வார்டு குழுவும், அதன் கீழ்ப் பகுதி சபைகளும் அமைந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. குழுவின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்கள், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். அது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்பது என் கருத்து. ஆயினும் பகுதி சபைக் கூட்டத்துக்கு அப்பகுதியின் வாக்காளர் எவரும் போகலாம், பேசலாம். உங்கள் வார்டில் கூட்டம் முறையாகக் கூடுகிறதா என்று கேளுங்கள். கூடவில்லை என்றால் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கூடினால் பழைய ஊரிலிருந்தும் லைன் வீட்டிலிருந்தும் ஆட்களை அழைத்துக்கொண்டு போங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பாகத் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. ஒரு பள்ளிச் சுவரையோ பூங்காவையோ அப்படி முடித்துக் காட்டினால், மாநகராட்சிக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்பதைப் பதவிக்கு முன்பே கற்றுக்கொள்வீர்கள்.

முடிவு எப்படி வந்தாலும் ஒரு கடமை மிச்சம் இருக்கும். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கை ரசீதுகளோடு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் சோர்வில் இதை விட்டுவிடுகிறார்கள். கணக்குத் தராதவரை மூன்று ஆண்டுகளுக்குப் போட்டியிடத் தகுதியற்றவராக ஆணையம் அறிவிக்கலாம், அப்போது இடைத்தேர்தல் வந்தாலும் நிற்க முடியாது. வேட்புமனு போடும் நாளிலேயே கணக்குக்கென்று ஒரு நோட்டும் அதை எழுத ஒரு ஆளும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒப்படைத்ததற்குக் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டை மறவாமல் வாங்கி வையுங்கள்.